எங்கே தவறினேன், சொல்லுங்கள்!

சகோதரிகளே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்னப் புதிர் போடப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் செய்த காரியத்தை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன். அதில் ஓர் இடத்தில் தவறிவிட்டேன். எந்த இடத்தில் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்தால் போதும், மறு பேச்சுப் பேசாமல் பள்ளிக்கூடம் போவார்கள். 'பீநட் பட்டர்' என்று புட்டியில் அடைத்து விற்கிறார்களே, அதுதான். ஆனால் புட்டியின் விலையைப் பார்த்தால், உள்ளே இருப்பது வேர்க்கடலையா, முந்திரிப் பருப்பா என்று சந்தேகம் வந்துவிடுகிறது! வீட்டிலேயே அரைத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

அரைக் கிலோ பச்சை வேர்க்கடலையை முறத்தில் கொட்டி, கல்லும் மண்ணும் சொத்தையும் போகப் பொறுக்கினேன். இரும்பு வாணலியில் நிதானமான தீயில், வீடெல்லாம் மணக்கும்படி பொன்னிறமாக வறுத்தேன். முறத்தில் பரப்பி ஆறவைத்தேன். ஆறியதும் உள்ளங்கையால் தேய்த்துத் தோலைப் புடைத்தேன். முதல் நாளே கழுவி வெயிலில் காயவைத்திருந்த மிக்ஸி ஜாரில் போட்டு அரைத்தேன். முதலில் பொடியாயிற்று, பிறகு உருண்டு திரண்டது, அப்புறம் தன் எண்ணெயைத் தானே விட்டுக்கொண்டு விழுதாகக் குழைந்தது. துளி உப்பும் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்தேன். வெந்நீரில் கழுவி நன்றாய்க் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் வழித்து, இறுக மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

என் மாமியார் விரல் நுனியில் கொஞ்சம் வாங்கி ருசி பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இதுக்குப் போய் வெண்ணெய்னு ஏன் பேரு வச்சாங்க? கடலைத் துவையல்னு சொன்னா ஆகாதா?" என்றார்.

அவ்வளவுதான் கதை. என்ன, தப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்களா? அவசரமில்லை. விடை கடைசியில் வருகிறது. அதற்குள் அமெரிக்கா வரையில் ஒரு நடை போய் வந்துவிடலாம்.

கெட்டால் தெரியாதா?

நம் வீட்டுப் பண்டங்கள் பெரும்பாலும் நாணயமானவை. கெட்டுப்போனால் மறைக்காமல் சொல்லிவிடும். பால் திரிந்துவிடும். சோறு ஊசிப்போய் நூல் விடும். சாம்பார் நுரைத்துப் புளித்த வாடை வீசும். மூக்கும் நாக்கும் உள்ள எந்தப் பெண்ணையும் அவை ஏமாற்றுவதில்லை.

வேர்க்கடலை வெண்ணெய் அப்படியல்ல. மாதக் கணக்கில் வைத்தால் எண்ணெய் காறிப்போய்ச் 'சிக்கு' வாடை வரும். அது எண்ணெயின் வயதைச் சொல்கிற வாடையே தவிர, உள்ளே நோய்க் கிருமி இருக்கிறதா என்று சொல்கிற வாடையல்ல. கிருமி இருக்கிற புட்டியும் இல்லாத புட்டியும் ஒரே நிறமாக, ஒரே மணமாக, ஒரே ருசியாக இருக்கும். எள்ளை அரைத்து அரபு நாடுகளில் செய்கிறார்களே 'தஹினி' என்ற விழுது, அதுவும் இப்படித்தான். பாதாம் விழுது, முந்திரி விழுது எல்லாம் இந்த ஜாதியே.

"எண்ணெய்ப் பண்டம் ஆயிற்றே! ஈரமே இல்லையே! அதில் கிருமி எப்படி வளரும்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. வளராதுதான். அப்பளத்தையும் வடகத்தையும் வற்றலையும் நாம் எதற்காக வெயிலில் போட்டுக் காய்ச்சுகிறோம்? ஈரம் இல்லாவிட்டால் எந்தக் கிருமியும் பெருக முடியாது என்பதற்காகத்தானே?

உணவில் கிருமிக்குக் கிடைக்கக் கூடிய ஈரத்தை விஞ்ஞானிகள் 0 முதல் 1 வரை ஓர் அளவால் சொல்கிறார்கள். சுத்தமான தண்ணீர் 1. நாம் இன்று பேசப் போகும் கிருமி பெருகுவதற்குச் சுமார் 0.94 வேண்டும். வேர்க்கடலை வெண்ணெயிலோ 0.35-க்கும் கீழே. ஆகையால் அதற்குள் ஒரு கிருமி இரண்டாகாது.

ஆனால் சகோதரிகளே, பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு! இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் வந்த வினைதான் இந்த வாரக் கதை முழுவதும்.

உறங்குகிற விதை

கிருமியின் பெயர் சால்மோனெல்லா. பெயரைக் கேட்டதும் சால்மன் மீனுக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் என்று தோன்றும். மீன் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது! டேனியல் சால்மன் என்ற அமெரிக்க மிருக வைத்தியரின் பெயர் இது. 1885-இல் கிருமியைக் கண்டவர் அவருக்குக் கீழே வேலை பார்த்த தியோபால்ட் ஸ்மித். பெயர் என்னவோ மேலதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

கோழி, ஆடு மாடு, பறவை, எலி, பல்லி இவற்றின் குடலில் வசிக்கிற கிருமி இது. எச்சத்தோடு வெளியே வந்து மண்ணிலும் நீரிலும் சேரும். வேர்க்கடலை மண்ணுக்குள் விளைகிற பயிர். களத்திலும் கிடங்கிலும் பறவைக்கும் எலிக்கும் பிரியமான தீனி. ஆகவே பச்சைக் கடலையில் எங்காவது இந்தக் கிருமி ஒட்டிக்கொண்டிருப்பது அதிசயமில்லை. நன்றாக வறுத்தால் செத்துப்போகும். வறுத்த பிறகு மறுபடி வந்து சேர்ந்தால்தான் ஆபத்து.

அப்படி வந்து சேர்ந்த கிருமி விழுதுக்குள் என்ன செய்கிறது? குதிரில் கொட்டி வைத்த விதை நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். முளைக்காது, வளராது, அசையாது. ஆனால் உயிர் இருக்கிறது. ஆடியில் ஒரு மழை பெய்து ஈரம் பட்டதும் எழுந்து நிற்கிறது. கிருமியும் அதே மாதிரி தன் உடம்பிலுள்ள ஈரத்தை இழந்து சுருங்கி, எண்ணெயைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறது. அதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் நம் வயிற்றில் கிடைக்கின்றன. கூடவே இன்னொரு சௌகரியம். வயிற்றுக்குள் போகிற கிருமிகளில் பெரும்பாலானவை அங்குள்ள அமிலத்தில் மடிந்துவிடும். எண்ணெய்ப் போர்வைக்குள் இருக்கும் கிருமி அந்த அமிலத்திலிருந்து தப்பிக் குடலுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இம்மாதிரிப் பண்டங்களில் மிகச் சில கிருமிகளே வியாதிக்குப் போதும் என்கிறார்கள் நிபுணர்கள்.

ஃப்ரிட்ஜும் அடுப்பும்

"ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிரில் செத்துவிடாதா?"

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்காவில் ஜார்ஜியா சர்வகலாசாலையில் இதைப் பரீட்சை செய்து, 2000-ஆம் வருஷம் முடிவை வெளியிட்டார்கள். கடையில் விற்கும் பல வகை வேர்க்கடலை வெண்ணெயில் கிருமியைக் கலந்து, பாதியை அறையின் சூடான 21 டிகிரியிலும் பாதியைக் குளிர்ப்பெட்டியின் 5 டிகிரியிலும் 24 வாரம் வைத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தனவே ஒழிய, அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஐந்தரை மாதத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. வேடிக்கை என்னவென்றால், வெளியே வைத்ததைவிடக் குளிரில் வைத்ததில்தான் அதிகம் பிழைத்திருந்தன! நாம் பத்திரப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு வெண்ணெயோடு சேர்த்துக் கிருமியையும் பத்திரப்படுத்துகிறோம்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் காறாமல் இருக்க அது நல்லதுதான். கிருமிக்கு அது மருந்தல்ல என்பதே விஷயம்.

"சரி, புட்டியோடு சுடவைத்துவிட்டால்?"

அதற்கும் பதில் உண்டு. இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் வெளியிட்ட பரிசோதனையில், கிருமி கலந்த வேர்க்கடலை வெண்ணெயை 90 டிகிரி சூட்டில் 50 நிமிஷம் வைத்தும் கிருமிகள் முழுவதும் மடியவில்லை. குழம்பிலோ ரசத்திலோ இதே கிருமி இருந்தால், அந்தச் சூட்டில் சில விநாடிகளில் கதை முடிந்துவிடும். ஈரம் உள்ள இடத்தில் சூடு கிருமியைக் கொல்கிறது. ஈரமற்ற எண்ணெய் விழுதில் கிருமி சூட்டையும் பொறுத்துக்கொண்டு கிடக்கிறது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிவில் நமக்கு உபயோகப்படும்.

கூரை ஒழுகிய கதை

இனி அமெரிக்காவுக்குப் போவோம். நம் வீட்டில் தோசைக்குச் சட்னி எப்படியோ, அந்த நாட்டில் குழந்தைகளின் ரொட்டிக்கு வேர்க்கடலை வெண்ணெய் அப்படி.

2006 ஆகஸ்டு முதல் அங்கே பல மாகாணங்களில் ஜனங்களுக்குக் காரணம் தெரியாமல் ஜுரமும் வயிற்றுக் கடுப்பும் பேதியும் வந்துகொண்டிருந்தன. சுகாதார அதிகாரிகள் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டீர்கள் என்று விசாரித்து விசாரித்து, கடைசியில் 2007 பிப்ரவரியில் ஒரு புட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். கான்அக்ரா என்ற பெரிய கம்பெனியின் 'பீட்டர் பான்' வேர்க்கடலை வெண்ணெய்! அதே தொழிற்சாலையில் வேறு பெயரிலும் புட்டிகள் தயாராகியிருந்தன. அத்தனையையும் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொண்டது. 2007 மே மாதக் கணக்குப்படி 47 மாகாணங்களில் 628 பேர் நோயுற்றிருந்தார்கள்.

எப்படி வந்தது கிருமி? ஜார்ஜியா மாகாணத்திலுள்ள அந்தத் தொழிற்சாலையின் கூரை மழையில் ஒழுகியிருக்கிறது. தீயணைப்பதற்காக மேலே வைத்திருந்த தண்ணீர்க் குழாய் ஒன்றும் தவறுதலாகத் திறந்துகொண்டது. கடலைத் தூசியில் உறங்கிக்கொண்டிருந்த கிருமி அந்த ஈரத்தில் விழித்திருக்க வேண்டும் என்று கம்பெனியே சொல்லிற்று. கூரையில் ஓர் ஓட்டை. கீழே கொஞ்சம் ஈரம். அவ்வளவுதான். 2016 டிசம்பரில் கம்பெனி கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 80 லட்சம் டாலர் அபராதம் உள்பட மொத்தம் 1 கோடியே 12 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

இதிலாவது அஜாக்கிரதைதான் குற்றம். அடுத்த கதை அப்படியல்ல.

ஒன்பது உயிர்கள்

2008-ஆம் வருஷக் கடைசி. மின்னசோட்டா மாகாணத்தில் முதியோர் இல்லங்களில் இருந்த சில வயோதிகர்களுக்கு இதே நோய் வந்தது. அங்குள்ள அதிகாரிகள் ஓர் இல்லத்துச் சமையலறையில் திறந்து வைத்திருந்த இரண்டேகால் கிலோ டப்பாவைப் பரிசோதித்தபோது, வேர்க்கடலை வெண்ணெயில் கிருமி அகப்பட்டது. நூல் பிடித்துக்கொண்டு போனதில், ஜார்ஜியா மாகாணத்தில் பிளேக்லி என்ற சிற்றூரிலுள்ள ஒரு தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். 'பீநட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா' என்று பெயர்.

கடையில் புட்டி விற்கிற கம்பெனி அல்ல அது. பிஸ்கட் கம்பெனிகள், மிட்டாய் கம்பெனிகள், ஐஸ்கிரீம் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கடலை விழுது சப்ளை செய்கிற கம்பெனி. ஆகவே வீட்டில் வேர்க்கடலை வெண்ணெயே வாங்காதவர்களும் தப்பவில்லை. ஒரு தொழிற்சாலையின் விழுது எங்கெங்கே போயிருக்கிறது என்று தேடி எடுத்ததில், 3,900-க்கும் மேற்பட்ட பண்டங்களைக் கடைகளிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. நாய் பிஸ்கட்டைக்கூட விட்டுவைக்கவில்லை.

46 மாகாணங்களில் 714 பேர் நோயில் விழுந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் 16 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒன்பது பேர் இறந்துபோனார்கள்.

விசாரணையில் வெளிவந்ததுதான் நெஞ்சைப் பதற வைக்கிறது. கம்பெனியின் சொந்தப் பரிசோதனையிலேயே பல தடவை கிருமி இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சரக்கை அனுப்பியிருக்கிறார்கள். பரிசோதனையே செய்யாமல் 'சுத்தம்' என்று சான்றிதழ் கொடுத்ததும் உண்டு.

2009 பிப்ரவரியில் அமெரிக்கப் பார்லிமெண்டின் ஒரு கமிட்டி முன் கம்பெனித் தலைவர் ஸ்டூவர்ட் பார்னெல் வந்து நின்றார். அங்கத்தினர் ஒருவர், அந்தக் கம்பெனியின் கடலைப் பண்டங்கள் அடங்கிய ஒரு ஜாடியைக் கையில் தூக்கிக் காட்டினார். "இதைச் சாப்பிட்டுக் காட்டுவீர்களா?" என்ற அர்த்தத்தில் ஒரு கேள்வி கேட்டார். தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி வற்புறுத்த முடியாது என்ற சட்ட உரிமையைச் சொல்லி, பார்னெல் பதில் சொல்ல மறுத்துவிட்டார். தாயாக இருக்கிற எவளும் அந்த மௌனத்தை மறக்கமாட்டாள். ஊரார் குழந்தைகள் சாப்பிடலாம், செய்தவர் சாப்பிடமாட்டார்!

வழக்கு நடந்தது. 2015 செப்டம்பரில் அவருக்கு 28 வருஷச் சிறைத் தண்டனை விதித்தார் நீதிபதி. அதற்கு முன்பே, 2011 ஜனவரியில், அந்த நாட்டின் உணவுச் சட்டத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள். வியாதி வந்த பிறகு ஓடுவதைவிட, வராமல் தடுப்பதே உணவு செய்கிறவனின் கடமை என்பது அந்தச் சட்டத்தின் சாரம்.

சட்டம் வந்துவிட்டால் கிருமி பயந்து ஓடிவிடுமா? 2022 மே மாதத்தில் 'ஜிஃப்' என்ற மிகப் பிரசித்தமான வேர்க்கடலை வெண்ணெயைக் கென்டக்கி மாகாணத்துத் தொழிற்சாலையிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. 17 மாகாணங்களில் 21 பேருக்கு நோய். நல்ல வேளையாக உயிர்ச் சேதமில்லை. ஆனால் ஒரு சங்கதி தெரியவந்தது. 2010-இல் அதே தொழிற்சாலைக்குள் துடைத்தெடுத்த மாதிரியில் இருந்த கிருமியும், 12 வருஷம் கழித்து வந்த இந்த நோயின் கிருமியும் குலம் கோத்திரம் பார்த்ததில் ஒன்றாகப் பொருந்தின! நடுவில் அங்கேயே குடியிருந்ததா, போய்விட்டுத் திரும்பி வந்ததா என்பதைக் கிருமிதான் சொல்ல வேண்டும்.

இப்போது விடை

இத்தனை கதையும் எதற்கு? பெரிய தொழிற்சாலை, பெரிய யந்திரம், பெரிய கம்பெனி, எல்லாம் ஒரே இடத்தில்தான் கோட்டை விட்டன. வறுக்கிற வரையில் பயமில்லை. வறுத்தால் கிருமி போய்விடும். வறுத்த பிறகுதான் காவல் வேண்டும். அப்போது மழைத் தண்ணீரோ, எலியோ, பச்சைக் கடலையின் தூசியோ மறுபடி ஒட்டிக்கொண்டால், அதற்கப்புறம் அதைக் கொல்ல இன்னொரு நெருப்பு இல்லை. அரைத்து, மூடி, புட்டியில் தூங்கவைக்க வேண்டியதுதான். அதனால்தான் ஒழுங்கான தொழிற்சாலைகளில் பச்சைக் கடலைக்கு ஒரு பக்கம், வறுத்த கடலைக்கு ஒரு பக்கம் என்று நடுவே சுவர் வைக்கிறார்கள். இந்தப் பக்கத்து ஆளும் துடைப்பமும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

இப்போது என் சமையலறைக்குத் திரும்பி வாருங்கள். பச்சைக் கடலையை எதில் கொட்டிப் பொறுக்கினேன்? முறத்தில். வறுத்த கடலையை எதில் பரப்பி ஆறவைத்தேன்? அதே முறத்தில்!

கண்டுபிடித்தவர்களுக்கு என் வாழ்த்துக்கள். பொன்னிறமாக வறுத்துக் கிருமியைக் கொன்றேன். கொன்ற கையோடு, மண்ணும் தூசியும் படிந்திருந்த அதே முறத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். மூங்கில் முறத்தின் பின்னல் இடுக்கில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ஜாரைக் காயவைத்தேன், புட்டியை வெந்நீரில் கழுவினேன் என்று பெருமைப்பட்டதெல்லாம் ஒரு முறத்தில் போயிற்று.

இப்படி முறத்தில் போட்ட ஒவ்வொரு கடலையும் நோய் தரும் என்று பயந்துவிடாதீர்கள். ஆயிரம் தடவை செய்தாலும் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் ஆகிற அந்த ஒரு தடவை எது என்று வாசனையும் சொல்லாது, ருசியும் சொல்லாது, ஃப்ரிட்ஜும் காப்பாற்றாது. அதனால்தான் முன்னாலேயே ஜாக்கிரதை வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, வறுத்ததற்கு வேறு தட்டு. கழுவித் துடைத்துக் காய்ந்த எவர்சில்வர் தாம்பாளம் போதும். பச்சைக் கடலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாய்த் துடைத்த பிறகு வறுத்ததைத் தொடுங்கள். கோழி, முட்டை கையாண்ட கைக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். எள்ளுப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடிக்கும் இதே விதிதான்.

இரண்டாவது, மிக்ஸி ஜார். காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு, அலசிக் கவிழ்த்து, மத்தியானம் அதிலேயே கடலை அரைக்கிறோம். மேலே காய்ந்திருக்கும், பிளேடுக்கு அடியில் தண்ணீரும் தேங்காய்த் துணுக்கும் ஒளிந்திருக்கும். அதுதான் நம் வீட்டு 'ஒழுகிய கூரை'. ஜாரை நன்கு தேய்த்துக் கழுவி, உள்ளும் புறமும் உலரவைத்து உபயோகியுங்கள்.

மூன்றாவது, கரண்டி. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் வீட்டுப் பெரியவர்கள் சும்மா விடுவார்களா? ஊறுகாயிலாவது உப்பும் புளிப்பும் இருந்து கிருமியோடு சண்டை போடுகின்றன. கடலை விழுதில் சண்டை போட யாருமில்லை. குழந்தை நக்கிய ஸ்பூனைத் திரும்ப உள்ளே விடாதபடி, வேண்டியதைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது, தண்ணீர் சேர்ந்தால் பண்டமே வேறு. கடலை விழுதைக் கரைத்துச் சட்னியாக்கினால் கிருமி உறங்குகிற பண்டம் கிருமி பெருகுகிற பண்டமாகிவிடும். சட்னியை அன்றன்றைக்குத் தீர்த்துவிடுங்கள். மிஞ்சுகிற நேரத்துக்கு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சட்னி விஷயத்தில் குளிர் நமக்கு உண்மையான சிநேகிதம். பெருக விடாமல் தடுக்கும்.

ஐந்தாவது, கடைப் புட்டி. சீல் உடையாததாக, தேதி பார்த்து வாங்குங்கள். வாங்கிய புட்டியின் லேபிளைக் கிழித்து எறியாதீர்கள். இன்ன கம்பெனி, இன்ன தயாரிப்பு எண் திரும்பப் பெறப்படுகிறது என்று அறிவிப்பு வந்தால் அதைக் கொண்டுதான் நம் புட்டியா என்று பார்க்க முடியும். நம் புட்டிதான் என்றால், கொஞ்சம் ருசி பார்த்து முடிவு செய்கிற வேலையே வேண்டாம். யாருக்கும் கொடுக்காமல், நாய்க்கும் போடாமல், கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, அது இருந்த அலமாரித் தட்டைச் சோப்பு நீரில் துடைத்துவிடுங்கள்.

கடைசியாக, உடம்புக்கு வந்துவிட்டால். சாப்பிட்ட 6 மணி நேரத்திலிருந்து 6 நாளைக்குள் ஜுரம், வயிற்றுவலி, பேதி தொடங்கும். திடகாத்திரமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே சரியாகிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து வாருங்கள். ஆனால் கைக்குழந்தை, சிறு பிள்ளை, 65 வயது தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கனவே நோயால் பலவீனப்பட்டவர்கள் ஆகியோருக்கு இது சாதாரண வயிற்றுப்போக்கு என்று இருந்துவிடாதீர்கள். பேதியில் ரத்தம் கண்டாலோ, ஜுரம் தணியாவிட்டாலோ, சிறுநீர் குறைந்து நாக்கு வறண்டாலோ யாராயிருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

குழம்பாயிற்று!

என் புட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முறத்தின் விஷயம் எனக்கே மத்தியானம்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் கடைக்குட்டிக்கு நாலு வயது. மாமியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. மேலே சொன்ன பட்டியலில் இருவருமே இருக்கிறார்கள். புட்டியை எடுத்துக்கொண்டு குப்பைக் கூடைப் பக்கம் போனேன்.

"எங்கேம்மா எடுத்துட்டுப் போறே?" என்று மாமியார் வழிமறித்தார். விஷயத்தைச் சொன்னேன். ஈரத்தில் சூடு பட்டால் கிருமி செத்துவிடும், எண்ணெய் விழுதில் மட்டும் சாகாது என்பதையும் சொன்னேன்.

ஒரு நிமிஷம் யோசித்தார். "அரைக் கிலோ கடலையைக் கொட்டுறதாவது! தண்ணியிலே கரைச்சுக் கொதிக்க விட்டா செத்துப்போகும்னு நீதானே சொல்றே? கத்தரிக்காய் வாங்கிட்டு வரச் சொல்லு."

அன்று ராத்திரியும் மறுநாளும் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. புளித் தண்ணீரில் கடலை விழுதைக் கட்டியில்லாமல் கரைத்து, மாமியார் பக்கத்திலேயே நின்று தளதளவென்று வெகு நேரம் கொதிக்கவிட்டார். நாட்டுச் சர்க்கரை சேர்த்திருந்தது குழம்புக்கு நல்லதாகவே போயிற்று. ஆராய்ச்சி சாலையில் கண்டுபிடித்ததை அவர் அரை நிமிஷத்தில் சமையலாக்கிவிட்டார். ஆனால் ஒன்று: நம் வீட்டு முறத்தில் வந்த சந்தேகத்துக்குத்தான் இந்த யோசனை. கம்பெனி திரும்பக் கேட்கிற புட்டிக்கு இது வேண்டாம். அதைக் குப்பையிலேயே போடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடலை வறுத்தேன். வாணலியை இறக்கித் திரும்புவதற்குள், காய்ந்த தாம்பாளம் ஒன்று மேடையில் தயாராக இருந்தது. முறத்தைத் தட்டிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தார் மாமியார்.

"அது இனிமே பச்சைக்கு மட்டும்" என்றார்.